காணாதவருக்காக ஏன் அழுதோம்?



2025ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை, ஏப்பிரல் 21ஆம் திகதி, எங்கள் சிறிய பங்கிலே கோவில் மணி இருமுறை துக்கத்துக்காக ஒலித்தது. முதல் முறை காலை 8.45 மணிக்கு. 2019ஆம் ஆண்டில் இதே திகதியிலே, அது உயிர்ப்பு ஞாயிறாயிருக்க, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் 250க்கும் அதிகமான உயிர்கள் பறிக்கப்பட்டன அல்லவா? அவர்களை நினைத்து அடித்த மணி அது.

இரண்டாவது மணி அன்று பிற்பகல். ஒரு மணி கழிந்து சிறிது நேரத்தில் உரோமையிலிருந்து செய்தி வந்தது: பாப்பரசர் பிரான்சிஸ் அன்று காலை இறைவனடி சேர்ந்தார். முதல் நாள்தான் புனித இராயப்பர் பேராலயத்து மாடத்தில் தோன்றி, தளர்ந்த குரலில் உலகுக்கு ஆசீர் அளித்தவர். வாகனத்தில் ஏறிச் சதுக்கத்தில் மக்களிடையே வலம் வந்தவர். எண்பத்தெட்டு வயது, நெடுநாள் நோயாளி. எதிர்பாராத மரணம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் ஊர் அதிர்ந்துதான் போயிற்று.

எங்கள் கோவிலில் மணியடிக்கும் பெரியவர் ஓடி வந்தார். எங்கள் ஊரிலே ஆணுக்கு ஒருவிதம், பெண்ணுக்கு ஒருவிதம், குழந்தைக்கு ஒருவிதமாகத் துக்க மணி அடிப்பது பழைய வழக்கம். அவருக்கு ஒரு பெரும் சந்தேகம்.

“சுவாமி, பாப்பாண்டவருக்கு எப்பிடி அடிக்கிறது?”

எனக்கும் தெரியவில்லை. “ஆம்பிளைக்கு அடிக்கிற மாதிரி அடியுங்கோ” என்றேன். அது போதாதென்று அவர் முகம் சொல்லிற்று. அப்படியே அடித்தார், ஆனால் வழமையைவிட நெடுநேரம் அடித்தார். நானும் தடுக்கவில்லை.

அன்று மாலைத் திருப்பலிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து நான் திகைத்தேன். பெரிய வெள்ளியன்றுகூட உள்ளே வராமல் மதிலோரம் நின்றவர்கள் பீடத்துக்கு அருகில் முழந்தாளிட்டிருந்தார்கள். கறுப்புத் துணி போர்த்த கதிரையில் வைத்திருந்த படத்தைத் தொட்டுத் தொட்டு முத்தமிட்டார்கள். பலர் அழுதார்கள்.

இவர்களுள் எத்தனை பேர் அந்த மனிதரைக் கண்டவர்கள்? 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி அவர் மடுவுக்கு வந்தபோது எங்கள் பங்கிலிருந்து பஸ்களில் போனோம். 1970இல் ஆறாம் சின்னப்பரும், 1995இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் கொழும்புக்கு வந்தார்கள். வடக்கே வந்த முதற் பாப்பரசர் இவர்தான். அன்று காலை கொழும்பு காலிமுகத்திடலிலே யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திவிட்டுப் பிற்பகலில் மடு அன்னையின் முற்றத்தில் வந்து நின்றார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்க்க, தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி அசைந்தது. அதுதான் எங்கள் மக்கள் கண்ட பாப்பரசர். அந்த வெள்ளைப் புள்ளிக்காகப் பத்து ஆண்டுகளின் பின் ஏன் இவ்வளவு கண்ணீர்?

இந்தக் கேள்வியை நான் இகழ்ச்சியாகக் கேட்கவில்லை. இகழ்ச்சியாகக் கேட்ட காலமும் ஒன்று இருந்தது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி இளவரசி டயானா பாரிஸ் நகரில் வாகன விபத்தில் மாண்டார். ஐந்து நாட்களின் பின், செப்டெம்பர் 5ஆம் திகதி, கல்கத்தாவில் அன்னை தெரேசா மறைந்தார். அப்போது நான் குருமடத்து மாணவன். உலகமெல்லாம் அந்த இளவரசிக்காகப் பூக்களைக் குவித்துக்கொண்டிருக்க, ஏழைகளின் தாய் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதாக எனக்குப் பெருங் கோபம். இரவுணவு மேசையில் அதைக் கொட்டித் தீர்த்தேன். வயதான குருவானவர் ஒருவர் சோற்றைப் பிசைந்தபடியே, “தம்பி, மற்றவன்ரை கண்ணீரை நீர் ஏன் முழம் போட்டு அளக்கிறீர்?” என்றார். அதே ஆண்டு ஆனி மாதத்தில் அந்த இருவரும் நியூயோர்க்கில் கைகோத்து நடந்த படத்தைப் பின்னொரு நாள் பார்த்தேன். அவர்களுக்குள் இல்லாத போட்டியை நான்தான் உண்டாக்கியிருந்தேன்.

அதற்கும் பத்தாண்டுகள் முந்திய ஒரு காலையும் நினைவுக்கு வருகிறது. 1987ஆம் ஆண்டு டிசம்பர் 24. எனக்குப் பத்து வயது. மின்சாரம் இல்லை, பற்றரியில் இயங்கும் வானொலியில் எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார் என்ற செய்தி. கண்டியிலே பிறந்து, தமிழ்நாட்டின் முதலமைச்சராய் உயர்ந்தவர். கிறிஸ்மஸுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த என் தாயார் அடுப்பை அணைத்துவிட்டுத் திண்ணையில் வந்து இருந்தார். அவர் தம் வாழ்நாளில் பார்த்த சினிமாப் படங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். தந்தையார் சிரித்தபடி, “உனக்கென்ன, உன்ரை சொந்தக்காரனோ?” என்று கேட்டார். “கலியாணத்துக்கு முதல் அக்காவோடை போய்ப் பாத்த படம்” என்று மட்டும் தாயார் சொன்னார். அக்கா, அதாவது என் பெரியம்மா, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர்.

அந்த ஐப்பசி மாதத்திலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்த சண்டையில் எங்கள் ஊரிலும் அயலிலும் பலர் மாண்டிருந்தார்கள். ஊரடங்கு வேளையில், வளவுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்காக உரத்து அழவும் மக்கள் அஞ்சிய காலம் அது. எம்.ஜி.ஆருக்காக அழுவதை ஒருவரும் தடை செய்யவில்லை. பத்து வயதில் இது எனக்கு விளங்கவில்லை. இப்போது நினைக்கும்போது, அன்று திண்ணைகளில் கேட்ட அழுகை முழுவதும் ஒரு மனிதருக்கானதன்று என்றே தோன்றுகிறது.

புகழ்பெற்றவர்கள் நம் வீடுகளில் குடியிருக்கிறார்கள். இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உங்கள் விறாந்தைச் சுவரில் திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பாப்பரசரின் படம் தொங்குகிறது. அதன் கீழேதான் உங்கள் மகள் முதல் நன்மை வாங்கிய அன்று படம் எடுத்தீர்கள். அதன் கீழேதான் உங்கள் தகப்பனாரின் பெட்டியை வைத்தீர்கள். அவர் உங்களை அறியார். ஆனால் உங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றையும் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். நம்முடைய ஆண்டுகளைக்கூட நாம் இவர்களை வைத்தல்லவா எண்ணுகிறோம்? “மூத்தவன் பிறந்தது பாப்பாண்டவர் கொழும்புக்கு வந்த வருசம்” என்று சொல்லும் தாய்மாரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர் போகும்போது அந்த ஆண்டுகளும் சேர்ந்து போகின்றன.

அச்சமும் இதிலே கலந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. உலகத்து மருத்துவரெல்லாம் சூழ்ந்து நின்றும் ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லையென்றால், மருந்துக் கடைத் துண்டோடு வரிசையில் நிற்கும் நம் கதி என்ன என்று உள்ளம் நடுங்குகிறது.

வேதாகமத்தைத் திறந்தால் இத்தகைய துக்கங்களுக்குக் குறைவில்லை. யாக்கோபு மரித்தபோது, அவரை அறியாத எகிப்தியர் எழுபது நாள் துக்கங் கொண்டாடினர். மோயீசனுக்காக இஸ்ராயேலர் மோவாபு வெளியிலே முப்பது நாள் அழுதனர். சாமுவேல் இறந்தபோது நாடே கூடிற்று. ஆனால் இவற்றைவிட நம் கேள்விக்கு நெருங்கியது மத்தேயு நற்செய்தியின் 14ஆம் அதிகாரம். அதை நாம் அப்பம் பெருகிய புதுமையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். புதுமைக்கு முன்னே அங்கு ஒரு செத்தவீடு இருப்பதை மறந்துவிடுகிறோம்.

ஸ்நாபக அருளப்பர் சாதாரண ஆள் அல்லர். எருசலேமும் யூதேயா முழுவதும் யோர்தான் கரைக்குத் திரண்டு போய் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றன. அவரைச் சிறையிலிட்ட ஏரோதுகூட மக்களுக்குப் பயந்து நெடுநாள் கொல்லாமல் வைத்திருந்தான். அவ்வளவுக்கு மக்கள் அவரை இறைவாக்கினராகக் கருதினர். பின்பு ஒரு பிறந்தநாள் விருந்தில், ஒரு பெண்ணின் நடனத்துக்குப் பரிசாக, அவருடைய தலை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. சீடர்கள் உடலை எடுத்து அடக்கம் செய்துவிட்டு, வந்து யேசுவிடம் சொன்னார்கள்.

யேசு என்ன செய்தார்? ஒரு வார்த்தையும் பேசவில்லை. படகில் ஏறித் தனிமையான இடத்துக்குப் போனார். நாட்டுக்கு அருளப்பர் பெரிய மனிதர். யேசுவுக்கோ அவர் உறவினர், யோர்தானில் தம் தலைமேல் நீர் வார்த்தவர். துக்கப்படுகிற எந்த வீட்டாரையும் போல அவருக்கும் சற்றுத் தனிமை தேவைப்பட்டது. அது கிடைக்கவில்லை. பட்டணங்களிலிருந்து மக்கள் கால்நடையாகவே கரையோரம் நடந்து, அவர் போய்ச் சேருமிடத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஏன் வந்தார்கள்? நோயாளரைக் குணமாக்கவும் போதகம் கேட்கவும் வந்தார்கள் என்று நான் பல ஆண்டுகள் பிரசங்கம் செய்திருக்கிறேன். அது பிழையன்று. ஆனால் அவர்களுள் எத்தனையோ பேர் அருளப்பரின் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களாய் இருந்திருக்க வேண்டும். தங்கள் இறைவாக்கினரை ஒரு விருந்துக்குப் பலியாகக் கொடுத்துவிட்டு, அவரை அடக்கம் பண்ணிய இடத்துக்குப் போகவும் அஞ்சி, எங்கே போவதென்று தெரியாமல் நடந்தவர்கள். ஆயனில்லா ஆடுகளைப் போல் இருந்தார்கள் என்று மாற்கு இதே இடத்தில் சொல்கிறார். பெரிய மரணம் ஒன்று நிகழும்போது மக்கள் வீட்டில் இருக்க முடியாமல் தெருவுக்கு வருவதன் காரணம் இதுவே. 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் உடலைப் பார்க்க உரோமை வீதிகளில் இரவு பகலாய் நின்றவர்களும், 2025இல் மூன்று நாட்களில் பிரான்சிஸின் பெட்டிக்கு முன்னால் கடந்துபோன ஏறக்குறைய 250,000 பேரும், அந்தக் கலிலேயக் கரையில் நடந்தவர்களின் வழிவந்தவர்கள்தாம்.

யேசு அவர்களைக் கண்டு மனமிரங்கினார். “எனக்கே துக்கம், நீங்கள் ஏன் வந்தீர்கள்?” என்று கேட்கவில்லை. உங்கள் அழுகை உண்மையா, வேடிக்கை பார்க்க வந்தீர்களா என்று தரம் பிரிக்கவுமில்லை. நோயாளரைத் தொட்டார். பொழுது சாய்ந்ததும் சீடர்கள், “அவரவர் போய் உணவு வாங்கிக்கொள்ளட்டும்” என்றார்கள். அவர் ஒருவரையும் அனுப்பவில்லை. புல்தரையில் உட்காரச் சொன்னார். நம் ஊரில் செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை. அயலவர்தான் சோறு கொண்டு போவார்கள். அருளப்பர் இறந்த அந்த வாரத்தில், ஐயாயிரம் ஆண்களும் அவர்களின் பெண்டு பிள்ளைகளுமாய் இருந்த ஒரு பெரிய செத்தவீட்டுக்குச் சோறு கொடுத்தவர் நம் ஆண்டவர்.

ஆகவே பெரியோரின் மரணத்துக்காக அழுவது பலவீனமென்றோ போலியென்றோ நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அழுகை எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். இறந்தபோது தமிழ்நாட்டில் சிலர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள்; விட்டுச் சென்ற பிள்ளைகள் என்ன ஆனார்களோ! ஒரு மனிதரைத் தெய்வமாக்கிவிட்டால் அவருடைய மரணத்தோடு உலகம் முடிந்துவிடுகிறது. விசுவாசிகள் நாம் அப்படி அழக்கூடாதென்றுதான், நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போல் துயருறாதேயுங்கள் என்ற பொருளில் புனித சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். அழவேண்டாமென்று அவர் எழுதவில்லை.

இனி எங்கள் பங்கின் வெட்கத்தைச் சொல்ல வேண்டும். அதில் முதற்பங்கு என்னுடையது.

பாப்பரசரின் அடக்கம் ஏப்பிரல் 26ஆம் திகதி சனிக்கிழமை உரோமை நேரப்படி காலை 10 மணிக்கு. நமக்குப் பிற்பகல் 1.30. எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சி. பங்கு மண்டபத்திலும் ஒரு பெரிய திரை கட்டியிருந்தோம். அதற்கு முதல் நாள் வெள்ளி இரவு எங்கள் ஊரில் ஒரு மனிதர் இறந்துபோனார். முப்பது ஆண்டுகளாக எங்கள் சேமக்காலையில் குழி வெட்டியவர். பங்கிலே எவருடைய தாய், எவருடைய தகப்பன் எந்த இடத்தில் கிடக்கிறார் என்று கல்வெட்டில்லாமலே காட்டக்கூடியவர். யுத்த காலத்தில், செல் விழும்போதும் போய் வெட்டியவர். அவர் கையால் அடக்கம் நடக்காத வீடு ஊரில் இல்லை. அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் தயங்கியவர்கள் மட்டும் நம்மிடையே இருந்தார்கள். இருக்கிறார்கள். இதைப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். எழுதுகிறேன்.

வெயில் காலமாகையால் பிரேதத்தை நெடுநேரம் வைத்திருக்க வசதியில்லை. சனி பிற்பகலில் அடக்கம் என்று நானே நேரம் குறித்தேன். ஒளிபரப்பு முடிந்துவிடுமென்று கணக்குப் பார்த்துக் குறித்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பெட்டி கோவில் வாசலுக்கு வந்தபோது மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. உரோமையில் பிரேதத்தைப் புனித மரியா பேராலயத்துக்கு வீதி வழியாகக் கொண்டு போகும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எழும்ப எவருக்கும் மனமில்லை. கோவிலுக்குள் நாங்கள் எல்லாருமாகப் பதினொரு பேர். பெட்டி தூக்க ஆள் போதாமல், மைதானத்தில் பந்தடித்துக்கொண்டிருந்த நான்கு பெடியன்களைக் கூப்பிட்டேன். காலில் மண்ணோடு வந்து தூக்கினார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களில் இருவர் சைவப் பிள்ளைகள். குழியை வெட்டியவர் இறந்தவரின் மருமகன்.

அன்று இரவு மண்டபத்தில் எல்லாரும் பார்த்த அந்தக் காட்சியை நான் தனியே இருந்து பார்த்தேன். இராயப்பர் சதுக்கத்தில் மன்னர்களும் அதிபர்களும் இருந்தார்கள். ஆனால் அடக்கம் நடக்கும் பேராலயத்தின் படிகளில் அந்தப் பெட்டியை எதிர்கொள்ள நின்றவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர்: வீடற்றவர்கள், சிறையிலிருந்தோர், பிறநாடுகளிலிருந்து புகலிடம் தேடி வந்தோர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளை ரோசாப்பூ. மூன்று பெட்டிகளுக்குள் பாப்பரசரை வைக்கும் பழைய வழக்கத்தை அவர் 2024இலேயே மாற்றி, ஒரே மரப்பெட்டி போதுமென்று விட்டார். மண்ணிலே சாதாரணக் கல்லறை. அதன்மேல் இலத்தீனில் அவருடைய பெயர் மட்டும். பிரான்சிஸ்குஸ். வேறொரு சொல்லும் இல்லை. இதைப் பார்த்துக் கண்கலங்கிய என் மக்கள், அதே மணித்தியாலத்தில் ஐம்பது யார் தூரத்தில் போன பெட்டியைப் பார்க்க எழும்பவில்லை. நேரம் குறித்தவன் நான்.

அந்தப் பதினொரு பேருள் ஒரு தாய் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், யுத்தம் முடிந்த அந்த நாட்களில், வட்டுவாகல் பக்கமாகத் தன் மகனைப் படையினரிடம் கையளித்தவர்களில் அவரும் ஒருவர். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று நம்பிக் கையளித்தார். எங்கள் மறைமாவட்டக் குருவானவர் ஒருவரும் அப்படிச் சென்றவர்களோடு சென்றார். அவரும் திரும்பி வரவில்லை. 2017 முதல் வீதியோரம் படங்களோடு இருந்த தாய்மாருள் இவரும் இருந்தார். அவருடன் இருந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இந்தப் பங்குக்கு வந்த முதலாண்டில், மரித்த விசுவாசிகளின் திருநாளுக்கு முன், மகனுக்காக ஒரு மரித்தோர் பூசை ஒப்புக்கொடுக்கலாமே என்று அவரிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்குமென்றுதான் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் அவன்ரை பிரேதத்தைக் கண்டனீங்களோ சுவாமி?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அதன்பின் ஆறு மாதம் கோவிலின் பின்வாங்கிலிருந்து வந்து போனாரேயொழிய என்னோடு பேசவில்லை. ஒரு தாயைத் தன் வாயாலேயே தன் பிள்ளைக்குத் தீர்ப்பெழுதச் சொன்ன என் அவசரத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்தத் தாய்தான் பாப்பரசரின் திருப்பலியன்று படத்துக்கு முன்னே தரையில் இருந்து, நெஞ்சிலடித்து அழுதவர். சேமக்காலையிலிருந்து திரும்பும்போது என்னோடு நடந்தார். கேட்க அஞ்சினாலும் கேட்டேன்.

“அம்மா, திங்கட்கிழமை அவ்வளவு அழுதியள். பாப்பாண்டவரிலே அப்பிடிப் பற்றோ?”

“நல்ல மனிசன் சுவாமி. மடுவுக்கு வந்து எங்களுக்காகச் செபிச்சவர். அவருக்காகவும்தான் அழுதனான்.” சற்றுத் தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: “என்ரை பிள்ளைக்கு அழுதால், அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி. பதினாறு வருசமா அதுக்குப் பயத்திலே அழயில்லை. பாப்பாண்டவருக்கு அழுதால் ஆர் என்ன கேக்கப்போகினம்?”

நான் என்ன சொல்வது? மோயீசனின் கல்லறை எங்கேயென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாதென்று வேதாகமம் சொல்கிறதே, அது நினைவுக்கு வந்தது. இஸ்ராயேலின் மிகப் பெரிய மனிதருக்குக் காட்ட ஒரு கல்லில்லை; ஆண்டவருக்கு மட்டும் இடம் தெரியும். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆறுதலடைந்தாரோ, எனக்காக ஆட்டினாரோ தெரியாது.

பாப்பரசர் பிரான்சிஸ் காசாவிலிருந்த ஒரேயொரு கத்தோலிக்கப் பங்குக்கு, அங்கே யுத்தம் தொடங்கிய 2023ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் பேசுவார் என்று நாம் வாசித்தோம். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பாராம். நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோதும் கூப்பிட்டார். இறப்பதற்கு இரண்டு நாள் முன், பெரிய சனியன்று இரவிலும் கூப்பிட்டார். இந்தத் தாயிடம் நான் அப்படி ஒரு மாலையாவது கேட்டதுண்டா? அயலிலே இருக்கும் நீங்கள்?

அந்த 21ஆம் திகதி இன்னொரு செய்தியும் வந்தது. பாப்பரசரின் மரணச் செய்தியில் அது அமிழ்ந்துபோயிற்று. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயங்களில் மாண்ட கத்தோலிக்கருள் 167 பேரின் பெயர்கள், விசுவாசத்தின் சாட்சிகளாகத் திருச்சபையின் ஏட்டில் சேர்க்கப்பட்டதாகக் கொழும்பிலே அறிவிக்கப்பட்டது. மீன் விற்றவர்கள், தையல் வேலை செய்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். உலகம் அறியாத 167 பெயர்களை யாரோ ஒருவர் இருந்து ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்.

நாங்களும் ஒன்று செய்தோம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன் அந்தத் தாய் சக்கிறிஸ்தியின் வாசலில் வந்து நின்றார். கையில் நாலாய் மடித்த கொப்பித் தாள். “மன்றாட்டிலே இந்தப் பேரை வாசியுங்கோ சுவாமி. செத்தவன் எண்டும் சொல்லாதேங்கோ, இருக்கிறான் எண்டும் சொல்லாதேங்கோ. பேரை மட்டும் வாசியுங்கோ.”

மரித்தோருக்கான மன்றாட்டும் முடிந்து, நோயாளருக்கான மன்றாட்டும் முடிந்தபின், ஞானஸ்நானப் பெயரோடு அந்தப் பெயரை வாசித்தேன். மக்கள் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறினார்கள். பிறகு, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். கீழ்வாங்கில் குழி வெட்டியவரின் மருமகன் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அன்று முதன்முறையாக வேறு ஆட்களும் இருந்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு மூன்று தாள்கள் வந்தன. இப்போது ஒரு கொப்பியே வைத்திருக்கிறோம். அதிலே நாற்பத்தொரு பெயர். வாசிக்க ஏறக்குறைய நான்கு நிமிடம் செல்கிறது. பூசை நீளுகிறதென்று ஒருவரும் இதுவரை முறையிடவில்லை.